வாசலில் வரிசையாக மூன்று ஜோடி

வேலூர், சத்துவாச்சாரி
நவம்பர் 4

அன்புள்ள மகன் ஆலனுக்கு,

அம்மா பொன்மலர் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், ரெனிட்டா, ஷாஜின், ஜெஸி நான்கு பேரும் சுகம். அங்கே நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டதால் அதை விசாரிக்கவில்லை. எனக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார், வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. போனில் பேசாமல் இந்தக் காலத்தில் இன்னாத்துக்கு லெட்டர் என்று நினைப்பாய். போனில் பேசினால் உனக்குப் பிடிக்காத இடம் வந்ததும் நெட்வொர்க் போய்விடுகிறது. அந்தப் போர்ச்சுகல் தேசத்து நெட்வொர்க்குக்கு அவ்வளவு புத்தி. காகிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கு முன் கடைசி வரை படித்துவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். ஷூ கம்பெனி முகவரிக்கு அனுப்பாமல் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். பயப்படாதே, அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

போன வாரம் நீ கூப்பிட்டு, டிசம்பர் இருபதாம் தேதி வர்றேன், பதினஞ்சு நாள் இருப்பேன், அதுக்குள்ள ரெனிட்டாகிட்ட பேசி வீட்டுக்கு ஒரு நல்ல போன் வாங்க வைம்மா, பிள்ளைங்க என் முகத்துக்குப் பழகணும், போன தடவ மாதிரி சொந்தக்காரங்க முன்னாடி கத்தி மானத்தை வாங்கிடப் போறாங்க என்று சொன்னாய். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். இந்தக் கடிதம் அதற்குப் பதில். பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும். அஞ்சு வருஷத்தில் நீ என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு நீளம் வராது, அதனால் உட்கார்ந்து படி.

இரண்டு வருஷத்துக்கு முன் அறுப்பின் பண்டிகையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், நான்தான் அழுதுகொண்டே போனில் சொன்னேன். மற்றவர்கள் பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் கொண்டுவந்து சபை ஏலத்துக்கு வைத்தார்கள், உன் பெண்டாட்டி நம் வீட்டு டிவியைக் கொண்டுபோய் வைத்தாள். சபையே சிரித்தது. அதே வாரம் தன் பெரிய போனையும் யாருக்கோ கொடுத்துவிட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டாள். இனிமேல் இந்த வீட்டில் டிவி இல்லை, போனில் படம் இல்லை, அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை குரலில் மட்டும் பேசலாம் என்றாள். பிள்ளைங்களுக்குக் கண்ணு கெட்டுடும் அத்தை என்றாள், வேறு காரணம் சொல்லவில்லை. நான் உன்னிடம் முறையிட்டபோது நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ரெனிட்டா சொல்றதும் சரிதாம்மா என்றாய். என் மகன் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

பட்டணத்தில் படம் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. எல்லாப் பேரண்ட்ஸும் இருக்காங்க, நீங்க மட்டும் இன்னா மேடம் என்று வகுப்பு டீச்சர் இரண்டு தடவை ரெனிட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டார். கடைசியில் எதிர் வீட்டு அஃப்ஷா தன் நம்பரைக் கொடுத்தாள். தினமும் ஆறு மணிக்கு அவள் வாசலில் நின்று படிப்பாள், ஷாஜின் இந்தப் பக்கம் நின்று நோட்டில் எழுதிக்கொள்வான். மற்றப் பிள்ளைகள் அவனுக்குப் பட்டன் போன் என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு பிறந்த நாளுக்குக் கீழ் வீட்டில் கூப்பிட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு போனோடு சோபாவில் உட்கார்ந்திருக்க, இவன் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து, யார் நகம் கடிக்கிறான், யாருக்கு வாய் திறந்தே இருக்கிறது, யார் அம்மா அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று என்னிடம் வரிசையாகச் சொன்னான். பார்க்க வேறு எதுவும் இல்லாத பிள்ளை மனிதர்களைத்தான் பார்க்கிறது. அதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆம்பூரில் உன் சித்தி ஹேமலதா வீட்டுக்குப் போனபோது ஜெஸி அங்கே டிவிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாள், உட்காரக்கூட மறந்து. நகர்ந்து போக மனம் இல்லாமல் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பாத்தியா உன் வளர்ப்ப, பட்டிக்காட்டுப் பிள்ளகூட இப்படி நிக்காது, நீயே தொடைச்சு வுடு என்று எல்லார் முன்னாலும் ரெனிட்டாவிடம் துணியைத் தூக்கிப் போட்டேன். அவள் மண்டியிட்டுத் துடைத்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இன்று எதையும் மறைப்பதாக இல்லை.

அதோடு நின்றேனா, இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே ஜெபக் குறிப்பாகக் கொடுத்தேன். என் மகன் கடல் தாண்டிக் கஷ்டப்படுகிறான், பெற்ற பிள்ளைகளுக்கு அவன் முகத்தைக் காட்ட மறுக்கிறாள் ஒருத்தி, அவள் கல் நெஞ்சு கரைய ஜெபியுங்கள் என்றேன். கடைசியில் ஆயரே ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் அவளை நிறுத்தி, டெக்னாலஜி கர்த்தர் குடுத்த ஈவும்மா, புருஷன் முகத்தப் பிள்ளைங்ககிட்டருந்து மறைக்கிறது பாவம் இல்லயா என்று கேட்டார். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். கண்ணு கெட்டுடும் ஆயரே என்று அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே போன நான் வீடு வரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

அப்போதெல்லாம் எனக்கு ஒரே ஆறுதல் உன் கடிதம்தான். என்ன கடிதம் என்று முழிக்கிறாயா? சொல்கிறேன். இந்த இரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வீட்டுக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. ரெனிட்டா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு வருவதாகச் சொல்லி டூட்டிப் பையில் போட்டு எடுத்துவருவாள். இங்கிலீஷில், அச்சு மாதிரித் தனித்தனி எழுத்தாக இருக்கும், எனக்குப் படிக்க வராது, ஷாஜின் படித்துத் தமிழில் சொல்வான். உன் கம்பெனிப் பக்கத்து டீக்கடையில் பிண்டோ என்று மூன்று கால் நாய் இருக்கிறது. உன் வீட்டு மாடியில் ஒரு கிழவர் தினமும் ஒரே பாட்டைத் தப்பாக வாசிக்கிறார். உன் குடை காற்றில் பறந்து பாதிரியார் தலையில் மாட்டிக்கொண்டது. கடிதத்தில் வருவதைப் போனில் பேசக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே சட்டம், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் உன்னிடம் அதைக் கேட்டதில்லை. கடிதம் முடியும்போது பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கும். பால்கனியில் நின்று சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் எத்தனை நம்பர் பஸ் போகிறது என்று எழுதுங்கள், கோட்டையைச் சுற்றி நடந்து அகழியில் எத்தனை விதப் பறவை என்று பாருங்கள், வீட்டில் உள்ள எல்லாருடைய உள்ளங்கையையும் வரைந்து அனுப்புங்கள் என்று. அப்பா சொன்னாரு என்றால் இரண்டும் சோறு தண்ணீர் மறந்து செய்யும். ஒரு வாரம் முழுக்க அதிலேயே போய்விடும், டிவி ஞாபகம் வராது. கோட்டையைச் சுற்றி முட்டி வலியோடு நடந்தவள் நான், உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன், ஆனால் உள்ளே பெருமைதான். என் மகன் எவ்வளவு தூரத்தில் இருந்தும் கையால் எழுதிப் பிள்ளை வளர்க்கிறான் என்று சங்கத்தில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் சலித்துப் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெஸி யார் வந்தாலும் ஒரு கதை சொல்வாள். அப்பா என்னைத் தோள்ல உக்கார வெச்சுக் கடற்கரைல நடந்தாரு, நான் அவர் முடியப் புடிச்சிக்கினேன், மஞ்சள் தொப்பி போட்டிருந்தேன் என்பாள். நீ இங்கிருந்து போகும்போது அவள் மூன்று மாதக் குழந்தை. நீ வந்த அந்த ஒரே கிறிஸ்துமஸில் அவளுக்கு ஒன்றரை வயது, உன்னைக் கண்டதும் வீரிட்டுக் கத்திக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள், பன்னிரண்டு நாளும் உன் கை அவள் மேல் படவில்லை. இதில் கடற்கரை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். பிள்ளைக் கற்பனை என்று விட்டுவிட்டேன்.

இனி அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் ரெனிட்டாவுக்குத் தெரியாமல் ஒரு பெரிய போன் வாங்கி, அஃப்ஷா வீட்டில் சார்ஜ் போட்டு, ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பைபிள் உறைக்குள் எதை ஒளிக்கலாம் எதை ஒளிக்கக் கூடாது என்று எனக்குப் போதிக்கும் தகுதி உனக்கு இல்லை, மேலே படி. அன்று ரெனிட்டாவுக்கு டூட்டி. ஜெஸி தூங்கினாள், அஃப்ஷாவின் மகள் பார்த்துக்கொண்டாள். ஷாஜினை மட்டும் அவர்கள் வீட்டு உள் அறைக்குக் கூட்டிப்போய் உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு வருஷம் கழித்து மகன் தகப்பனைப் பார்க்கிறான். முதலில் அவன் உன்னைப் பார்க்கவே இல்லை, மூலையில் சின்னக் கட்டத்தில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே, பிண்டோ எங்கப்பா என்று கேட்டான். நீ, எந்த பிண்டோ என்றாய். உடனே சுதாரித்துக்கொண்டு, ஆங், வெளிய போயிருக்கான்டா என்றாய். அது நாய் என்பதுகூட உனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை, பையன் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனதைப் பார்த்தேன். பேச்சை மாற்ற நீயே, இங்க மழ பாக்கிறியா என்று கேட்டு எழுந்து வாசற்கதவைத் திறந்து போனைத் திருப்பினாய்.

மழையை அவன் பார்த்தான். நான் வாசலைப் பார்த்தேன். ஆம்பூரில் முப்பத்தொரு வருஷம் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேசையில் நின்றவள் நான். இடதும் வலதும் நிறம் ஒத்துப்போகிறதா, தோல் ஒத்துப்போகிறதா, அளவு சரியா என்று ஒரு ஜோடிக்கு இரண்டு விநாடிதான் கொடுப்பார்கள். நீயும் எனக்கு அவ்வளவு நேரம் கொடுத்தாய், போதும். மழைக்காக விரித்த பேப்பர் மேல் மூன்று ஜோடி இருந்தது. உன்னுடையது 42. பக்கத்தில் பெண்கள் பூட் பழுப்பு நிறம், 38. அதற்குப் பக்கத்தில் நீலத்தில் ஒட்டுப் பட்டை வைத்த பிள்ளை ஷூ, 24. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்த அளவு. எல்லாம் வாசலைப் பார்த்து, குதிகால் ஒட்டி, நூல் பிடித்த மாதிரி வரிசையாக இருந்தது. கண்டபடி கழற்றிப் போட்டிருந்தால் எனக்குக் கண்ணில் பட்டிருக்காது. மூன்று வயதிலிருந்து செருப்பை ஜோடியாக வாசலைப் பார்த்து வைக்கச் சொல்லி உன் முதுகில் அடித்துப் பழக்கியவள் நான். நான் சொன்ன எல்லாவற்றிலும் அந்த ஒன்றைத்தான் நீ கடைப்பிடித்திருக்கிறாய், அதுவே உன்னைக் காட்டிக்கொடுத்தது. நீ வந்துவிட்டுப் போனது எந்த கிறிஸ்துமஸ், அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. போனை வைத்துவிட்டேன். நெட்வொர்க் போயிடுச்சு என்று அஃப்ஷாவிடம் சொன்னேன், உன்னிடம் கற்றுக்கொண்டது.

அஃப்ஷா வீட்டிலிருந்து வெளியே வந்ததும் ஷாஜின் கேட்டான், ஆயா, அந்தச் சின்ன ஷூ யாருது என்று. படம் பார்த்து வளர்ந்த பிள்ளையாக இருந்தால் மழையை மட்டும் பார்த்திருப்பான். அப்பா கம்பெனி சாம்பிள்டா என்றேன். சரி என்றான். கதவு வரை வந்துவிட்டு நின்று, சாம்பிள்னா ஒத்தக் கால்தான செய்வாங்க, நீதான ஆயா சொன்ன, அது ஜோடியா இருந்துச்சு, அழுக்கா வேற இருந்துச்சு என்றான். கதை கேட்டுத் தொந்தரவு செய்தபோதெல்லாம் கம்பெனிக் கதையாகச் சொல்லி வளர்த்தது நான்தான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை திரும்பக் கேட்காததுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரெனிட்டாவிடம், எப்பத்துலருந்துடி தெரியும் உனக்கு என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை. ஜெஸிதான் அத்தை மொதல்ல பாத்தா என்றாள். அந்த அறுப்பின் பண்டிகை வாரத்தில் நீ ஒரு நாள் உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டு, பத்து நிமிஷத்தில் அழித்திருக்கிறாய். வேறு யாருக்கோ போட நினைத்து எல்லாருக்கும் போட்டிருப்பாய். அந்தப் பத்து நிமிஷமும் ரெனிட்டாவின் போன் ஜெஸி கையில் இருந்தது. சோறு ஊட்ட வசதியாக இருக்கும் என்று அதை அவள் கையில் கொடுத்து உட்கார வைத்தது நான். உன் தோளில் மஞ்சள் தொப்பி போட்ட குழந்தை, பின்னால் கடல். ஜெஸி அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, அம்மா, இது நானா என்று கேட்டிருக்கிறாள். ரெனிட்டா பார்த்திருக்கிறாள். ஆமா பாப்பா, நீதான் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த இடத்தைத் திரும்ப ஒரு முறை படி. உன் மகள் தன் தகப்பனைப் பற்றி வைத்திருக்கும் ஒரே ஞாபகம் இன்னொரு பிள்ளையுடையது. அதைத் தன்னுடையது என்று நினைத்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொய் உடையக் கூடாது என்றுதான் அந்த வாரமே போன் வீட்டை விட்டுப் போயிற்று, போனை மட்டும் எடுத்தால் நான் காரணம் துருவுவேன் என்று டிவியும் கூடப் போயிற்று. கண் கெட்டுவிடும் என்று அவள் சொன்னது பொய் இல்லை. உன்னிடம் கேட்டாளாம், நீ அழுதாயாம், கொஞ்சம் டைம் குடு என்றாயாம். அவள் கொடுத்துவிட்டாள், இரண்டு வருஷம். என்னிடம் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க என்னத்தான திட்டுவீங்க அத்தை என்றாள். அது நிஜம். பிறகு டூட்டிப் பையைத் திறந்து, பாதி எழுதி வைத்திருந்த அந்த வாரத்துச் சனிக்கிழமைக் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் பிண்டோ என்ற எழுத்து எப்படி இருக்கும் என்று ஷாஜின் காட்டியிருக்கிறான். அது அங்கே இருந்தது. நாயும் கிழவரும் குடையும் எல்லாம் அவள்தான். வார்டில் டீ குடிக்கக் கொடுக்கும் கால் மணி நேரத்தில் உட்கார்ந்து உன்னை உண்டாக்கியிருக்கிறாள். நான் அவள் காலில் விழவில்லை, அவ்வளவு நல்லவள் நான் இல்லை. அவள் பாதியில் வைத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன். அவளும் விட்டுவிட்டு எழுந்து போனாள், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பகலில் படுத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், உன்னோடு பேசுவதையே விட்டிருப்பேன். அக்டோபர் கடைசியில் ரெனிட்டாவுக்கு டெங்கு வந்து அவள் வேலை பார்க்கும் இடத்திலேயே ஆறு நாள் படுத்தாள். சனிக்கிழமை வந்தது, கடிதம் இல்லை. மத்தியானத்திலிருந்து ஜெஸி வாசற்படியை விட்டு நகரவில்லை, சாப்பிடவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பேஜாராகி நிற்கிறேன், ஷாஜின் உள்ளே போய் ஒரு காகிதத்தை நாலாக மடித்து எடுத்துவந்து, அப்பா லெட்டர் வந்துச்சு, நான் ஸ்கூல் பைல வெச்சிட்டு மறந்துட்டேன் என்றான். பிரித்து உட்கார்ந்து படித்தான். பிண்டோவுக்கு ஜலதோஷம், கிழவர் புதுப் பாட்டு ஆரம்பித்துவிட்டார், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன், ஜெஸி கஞ்சி குடித்தால்தான் அம்மா சீக்கிரம் வருவாள் என்று கால் மணி நேரம் தடுமாறாமல் படித்தான். கடைசியில், ஜெஸி, உன்னத் தோள்ல தூக்கிக்கினு கடற்கரைல நடந்தமே, அது எனக்குத் தினமும் ஞாபகம் வருது என்று முடித்தான். ஜெஸி கஞ்சி குடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். அவன் கையில் இருந்தது கணக்குப் பரீட்சைத் தாள். கூட்டலும் கழித்தலும், சிவப்பு மையில் டீச்சர் போட்ட டிக்கும்தான் அதில் இருந்தது.

ஜெஸி தூங்கின பிறகு அவனைக் கூப்பிட்டேன். நான் கேட்பதற்கு முன் அவனே பேசினான். அம்மா எழுத்து எனக்குத் தெரியும் ஆயா, ரொம்ப நாளா தெரியும், அந்த டீக்கடையெல்லாம் அப்பா அம்மாகிட்ட போன்ல சொல்வாரு, அம்மா எழுதறாங்கன்னு நெனச்சினு இருந்தேன், பிண்டோவையே அவருக்குத் தெரியல இல்ல என்றான். பிறகு, அம்மாகிட்ட சொல்லாத, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது என்றான். ஒன்பது வயது. அழவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நான்தான் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். உன் அப்பா இன்பசேகரன் செத்தபோதுகூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை, அவர் குடிகாரர் என்றாலும் தன் பிள்ளை தன் முகத்தை நேரில் பார்த்து வெறுக்கிற அளவுக்காவது வீட்டில் இருந்தார்.

இப்போது உன் டிசம்பர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பெரிய போன் வராது. என் போனையும் அஃப்ஷாவிடமே கொடுத்துவிட்டேன், உன் நம்பரை அழித்த பிறகு. ஆயரிடம் போய், பிள்ளைகளுக்குக் கண் கெட்டுவிடும், டாக்டரும் சொல்லிவிட்டார் என்று நானும் சொல்லிவிட்டேன். நீ வருவதாகச் சொன்னதை ரெனிட்டாவிடம் சொன்னேன். வரட்டும் அத்தை, நான் தடுக்க மாட்டேன், பிள்ளைங்க ஏமாறாம இருந்தா போதும் என்றாள். அவள் நல்லவள், அதனால் அவ்வளவோடு விட்டாள். நான் விடுவதாக இல்லை. இந்தப் பொட்டலத்தில் கட்டுப் போட்டு அனுப்பியிருப்பது உன் கடிதங்களின் ஜெராக்ஸ், தொண்ணூற்றேழு. பிள்ளைகள் ஷூ பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதை அவர்கள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் எடுத்துப்போய், நகல் எடுத்து, அதே வரிசையில் திரும்ப வைத்துவிட்டேன். உட்கார்ந்து படி. மனப்பாடமாகப் படி. பிண்டோவுக்கு எந்தக் கால் இல்லை, கிழவர் வாசிப்பது என்ன வாத்தியம், குடை போன பிறகு நீ மழையில் எதைத் தலையில் போட்டுக்கொண்டு போனாய், ஜெஸியின் உள்ளங்கைப் படத்தை எந்தச் சுவரில் ஒட்டினாய், எல்லாம் அதில் இருக்கிறது. ஷாஜின் கேட்பான். தெரியாமல் கேட்க மாட்டான், உனக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பான். ஜெஸி கேட்க மாட்டாள், நேராகத் தோளில் ஏற வருவாள். குனிந்து கொடுக்கும்போது இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்பதையும் நினைவில் வை.

அத்தனையும் தெரிந்தால் வா. தெரியாவிட்டால் அங்கேயே இரு, சனிக்கிழமைக் கடிதம் தடை இல்லாமல் வரும். ரெனிட்டா எழுதுகிறாள், இப்போது நானும் சொல்லிக் கொடுக்கிறேன், அவள் இல்லாதபோது ஷாஜின் படிக்கிறான். உன் வேலையை இங்கே மூன்று பேர் பார்க்கிறோம், ஆள் குறைவு இல்லை. நீயாகப் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட எழுதி அனுப்பாதே. உன் எழுத்தைப் பார்த்தால் ஜெஸி இது அப்பா எழுதினது இல்லை என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பெண் யார், என்ன பேர் என்று நான் கேட்கவில்லை, அவள் கால் 38 என்பதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதன் வலது ஷூவில் குதிகால் உள்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது, இடதில் அப்படி இல்லை. பாதம் வளைந்து வைக்கிறது போல இருக்கிறது. மூன்று வயதுக்குள் டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும், தள்ளிப்போடாதே. அந்தப் பிள்ளைக்காவது கூட இருந்து பார்.

மழைக்காலம், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் என்று எழுத வேண்டும், பெற்றவள் அதை எழுதாமல் கடிதத்தை மூடக் கூடாது, அதனால் எழுதுகிறேன், ஆசீர்வதிப்பாராக. என்னைவிட அவருக்குப் பொறுமை ஜாஸ்தி.

மறக்காமல் ஒன்று. ஜெஸிக்கு இப்போது 28. ஷாஜினுக்கு 34, இடது கால் கொஞ்சம் பெரிது. வாங்கிவரச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
இ. பொன்மலர்